சும்மா சுற்றும் திருகு

காயில் அக்காவின் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் யாரும் சாப்பிட்டதில்லை. மேஜை வந்து இறங்கிய வாரமே அதன் ஒரு முனையில் பழைய தையல் மெஷினின் மோட்டார் ஏறிவிட்டது. மறு முனையில் வயர் பற்றவைக்கிற சால்டரிங் இரும்பு. நடுவில் மிஞ்சிய இடத்தில் ஸ்க்ரூ டப்பாக்களும், செப்புக் கம்பி உருளைகளும், யாராவது கொண்டுவந்து போட்ட, வயிறு திறந்த கிட்டார் ஒன்றும் எப்போதும் கிடக்கும். அவள் புருஷன் பஸ் ஓட்டுபவர். வேலை முடிந்து வந்தால் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோஃபாவில்தான் சாப்பிடுவார். வருகிறவர்களிடம், இந்த வீட்டில் மேஜைக்கு அடுத்துத்தான் நான் என்பார். அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

காயில் அக்கா என்பது பாட்டுக் குழுக்காரர்கள் வைத்த பெயர். வீட்டில் அண்ணனுக்கு அவள் பாப்பா. தலை முக்கால்வாசி நரைத்த பிறகும் பாப்பாதான்.

அவளுக்குச் சம்பள வேலை லிஃப்ட் தயாரிக்கும் தொழிற்சாலையில். லிஃப்ட்டுக்குள் நாம் பட்டனை அழுத்தினால் எங்கேயோ ஒரு சின்ன ஸ்விட்ச் 'டக்' என்று ஒட்டிக்கொள்ளும் அல்லவா, அதற்குள் இருக்கும் செப்புச் சுருளை, அதாவது காயிலை, சுற்றுகிற பிரிவு. ஜன்னல் இல்லாத நீளமான கூடம், ஆளுக்கொரு மெஷின், ஆளுக்கொரு விளக்கு. கம்பி உருளையிலிருந்து கிளம்பி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நழுவி, சுருளில் போய்ப் படியும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் அறுந்துவிடும். விட்டுப் பிடித்தால் தொளதொளவென்று பிதுங்கும். பள்ளிக்கூடம் முடித்த கையோடு உள்ளே போனவள். கட்டைவிரல் ரேகை எப்போதோ தேய்ந்து போயிற்று. புதிதாக வாங்கிய ஃபோன் அவள் விரலை வைத்தால் அடையாளம் தெரியவில்லை என்று சொல்லும். அப்போதெல்லாம் அவள் புருஷன், "எனக்கே சில நாள் தெரியல, அதுக்கு எங்கிருந்து தெரியும்" என்பார்.

அண்ணன் ஹோட்டலில் கிட்டார் வாசித்தார். பெரிய ஹோட்டல்தான், ஆனால் முதல் வரிசை இல்லை. வரவேற்பறையைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் தரைவிரிப்பு போட்ட ஒரு கூடம், அதன் கடைசியில் முழங்கால் உயரத்துக்கு மேடை. கீபோர்டுக்காரர், பாடும் பெண், 'இடி' என்று பெயர் வாங்கிய டிரம்ஸ்காரர், அண்ணன். சாப்பிட வருகிறவர்களின் பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாமல் வாசிக்க வேண்டும். கேட்கணும், ஆனால் கவனிக்கக் கூடாது, பொண்டாட்டி பேச்சு மாதிரி என்று அண்ணன் சொல்வார். பொண்டாட்டியோடு அவர் இருந்தது மொத்தத்தில் கொஞ்ச காலம்தான். அதைப் பற்றிப் பேச அவருக்குத் தகுதி கம்மி என்று அக்கா திருப்பிக் கொடுப்பாள். மனைவி விட்டுப் போன பிறகு அவர் ஒரு சலவைக்கடையின் மாடியில் தனி அறை எடுத்துக்கொண்டார். கிட்டார், ஆம்ப்ளிஃபையர், கட்டில், கெட்டில். அவ்வளவுதான் சொத்து.

சின்ன வயதில் அம்மா மாலை நேரங்களில் அலுவலகங்களைப் பெருக்கித் துடைக்கப் போய்விடுவாள். தங்கச்சிக்குச் சாப்பாடு சூடு பண்ணிக் கொடுத்து, தலை பின்னிவிட்டு, வீட்டுப் பாடம் எழுத வைத்தது எல்லாம் அண்ணன்தான். பின்னல் கோணலாக வரும். பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள். அவள் அதை அண்ணனிடம் சொன்னதே இல்லை. அவருக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரிந்த எதையும் அவரிடம் சொல்லாமல் விடுவது அப்போதிருந்தே அவளுக்குப் பழக்கம்.

கிட்டார் பக்கம் அவள் வந்த கதை சின்னது. எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகளுக்குக் கீழே சோப்புக்கட்டி மாதிரி ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். பிக்கப் என்பார்கள். உள்ளே காந்தம், காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிசான கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே கம்பி அதிர்வதைக் கேட்டு ஆம்ப்புக்கு அனுப்புவது அதுதான். கிட்டாருக்குக் காது என்றால் அதுதான் காது. ஒரு நாள் அண்ணனின் கிட்டாரில் அந்தச் சுற்றுக் கம்பி எங்கேயோ அறுந்து, கிட்டார் ஊமையாகிவிட்டது. கடைக்காரர்கள் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கச் சொன்னார்கள். பாப்பா அதைக் கைக்குட்டையில் சுற்றித் தொழிற்சாலைக்கு எடுத்துக்கொண்டு போனாள். சாப்பாட்டு இடைவேளையில் பழைய கம்பியைப் பிரித்துத் தள்ளிவிட்டு, மெஷினை மெதுவாக ஓடவிட்டு, விரலாலேயே வழிகாட்டிச் சுற்றினாள். மேற்பார்வையாளர் தலைக்கு மேல் வந்து நின்று, இது எந்த லிஃப்ட்டுக்கு என்று கேட்டார். "இது கீழ இறங்காத லிஃப்ட்டு சார்" என்றாள். பக்கத்து மெஷின்காரிகள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் அன்றைக்கு ஒரே ஒரு சுரத்தை வாசித்து, அது அடங்கும்வரை கையை எடுக்காமல் இருந்தார். பிறகு தங்கச்சியைப் பார்த்தார். இதற்குள் என்ன போட்டாய் என்று கேட்டார். கம்பிதான் போட்டேன் என்றாள். இல்லை, வேறு என்னவோ போட்டிருக்கிறாய் என்றார். ஊரில் இருந்த பாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக மூன்று மாடி ஏறி அவள் வீட்டுக்கு வர ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. மீட்டர் வைத்துப் பார்ப்பாள், ஆனால் மீட்டரை நம்பி முடிவு செய்ய மாட்டாள். தன் காதையும் நம்ப மாட்டாள். நான் கேட்டு என்ன பண்ண, நானா வாசிக்கப் போகிறேன் என்பாள். பிக்கப்பைப் பொருத்தி, கிட்டாரை அதன் சொந்தக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, எதிரே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சுற்று அதிகமானால் சத்தம் தடிக்கும். குறைத்தால் தெளியும். காந்தத்தை மாற்றினால் முனை கூர்மையாகும். கம்பிக்குப் பக்கத்தில் உயர்த்தினால் கத்தும். ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் கொடுப்பாள். ஒரு கட்டத்தில் வாசிப்பவருக்கே தெரியாமல் தோள்பட்டை தளரும். அங்கே நிறுத்திவிடுவாள். வாய் பொய் சொல்லும், தோள்பட்டை சொல்லாது என்பது அவள் கணக்கு. வெகுகாலம் அந்தக் கணக்கு தப்பவில்லை.

சத்தம் மூடின மாதிரி இருக்கிறது என்று அண்ணன் முதலில் சொன்னபோது அவள் யோசிக்கவேயில்லை. போர்வைக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கு பாப்பா, கொஞ்சம் திறந்து விடு என்றார். சுற்றைக் குறைத்துக் கொடுத்தாள். தோள் தளர்ந்தது. சில மாதம் போயிற்று. மறுபடி போர்வை. காந்தத்தை மாற்றினாள். அப்புறம் பிக்கப்பை உயர்த்தினாள். அப்புறம் உள்ளே இருக்கும் வால்யூம், டோன் திருகுகளையே மாற்றி, கேபிளைக் குட்டையாக்கி, கடைசியில் வெளிநாட்டு பிக்கப் ஒன்றை வரவழைத்துப் போட்டாள். தன் கைவேலையைக் கழற்றிவிட்டு இன்னொருவர் வேலையைப் பொருத்துவது அவளுக்கு உள்ளுக்குள் குத்தியது. காட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தடவையும் அண்ணனின் முகம் அவளுக்கு எங்கே நிறுத்துவதென்று சொன்னது. அவளும் அங்கேயே நிறுத்தினாள். அவள் காதுக்கு அது ஊசியாக இருந்தது. தொழிற்சாலை இரைச்சலில் தன் காதுதான் கெட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

உண்மை தெரிந்தது ஒரு விடுமுறை நாள் காலையில். யாரோ கொடுத்துவிட்டுப் போன ஒரு பழைய பிக்கப். அந்த வகையில் கம்பிச் சுற்று ஆடாமல் இருக்க உள்ளே மெழுகு ஊற்றியிருப்பார்கள். மெழுகு காய்ந்து உதிர்ந்துவிட்டால் சுற்றுகள் தாங்களாகவே அதிர்ந்து, ஆம்ப்புக்கு எதிரே போனதும் வீல் என்று கத்தும். விசில் மாதிரி, பல் கூசும் சத்தம். வழக்கம்போல வந்திருந்த அண்ணன் அதை ஒரு கிட்டாரில் மாட்டி ஆம்ப்பைப் போட்டார். அக்கா சமையலறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அது கத்த ஆரம்பித்ததும் அவள் கையிலிருந்து கோப்பை விழுந்தது. கீழ் வீட்டு நாய் ஊளையிட்டது. அவள் புருஷன் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து ஓடி வந்தார். இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தபோது, ஆம்ப்புக்கு ஒரு முழம் தள்ளி அண்ணன் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, நிதானமாக ஒரு கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, பாதி ஷேவிங்ல ஓடி வர்றீங்க. தங்கச்சி துரத்துறாளா?"

மாப்பிள்ளை சிரித்துவிட்டார், விளையாடுகிறார் என்று. பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. அவள் போய் ஆம்ப்பை அணைத்தாள்.

"நான் இன்னும் வாசிக்கவே இல்லையே. அதுக்குள்ள ஏன் அணைச்சே?" என்றார் அண்ணன்.

சுவிட்சில் ஏதோ கோளாறு, பொறி பறந்தது என்றாள்.

தொழிற்சாலைக்கு வருடத்துக்கு ஒரு முறை காது சோதிக்கிற வேன் ஒன்று வரும். அதற்குள் அலமாரி மாதிரி ஒரு அறை. ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, 'பீப்' கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். பக்கத்து மெஷின்காரி ஒருத்திக்கு அதில் மேல் ஸ்தாயிச் சத்தங்கள் போய்விட்டதென்று சொல்லி, அவளைப் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். பேச்சு கேட்கும், பாட்டு கேட்கும், ஆனால் அதன் ஓரங்கள் கேட்காது, எல்லாம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும் என்று அவள் சொன்னது அக்காவுக்கு இப்போது ஞாபகம் வந்தது. அண்ணன் சமீபமாக எல்லோரையும் முணுமுணுக்காதே என்று அதட்டுவது, அழைப்பு மணி அடித்தால் எழுந்திருக்காமல் இருப்பது, யார் பேசினாலும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு முகத்துக்கு நேரே உட்கார்ந்துகொள்வது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அவர் காது ஒரு படி இறங்க இறங்க, அவள் கிட்டாரை ஒரு படி ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள். தோள்பட்டை பொய் சொல்லவில்லைதான். அதற்குத் தெரிந்ததை அது சொல்லியிருக்கிறது.

சொல்லிவிடு என்றார் அவள் புருஷன். டாக்டரைப் பார்க்கட்டும். எனக்குக் கண் தெரியவில்லை என்றால் பஸ்ஸை ஓட்ட விடுவார்களா என்று கேட்டார்.

"அவர்கிட்ட வேற என்ன இருக்குன்னு சொல்லுங்க. நான் சொல்லிடறேன்" என்றாள் அவள்.

அவர் போய் மீதி முகத்தைச் சிரைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் சொல்லலாம் என்றிருந்தாள். அடுத்த வாரம் அண்ணனுக்குச் சளி. அதற்கடுத்த வாரம் நல்ல மனநிலையில் இருந்தார், கெடுப்பானேன் என்று விட்டாள். மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, எப்படி ஆரம்பிப்பது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்ப்பாள். அண்ணா, உங்க கிட்டாருக்கு ஒண்ணுமில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் ஒருநாளும் போனதில்லை.

அப்போதுதான் கீபோர்டுக்காரர் மாடியேறி வந்தார். குழுவை நடத்துவது அவர்தான். சோஃபாவின் நுனியில் உட்கார்ந்தவர், தேநீரைத் தொடாமல், மேடைக்குப் பக்கத்து மேஜைகளில் இப்போதெல்லாம் யாரும் உட்காருவதில்லை என்றார். உட்கார்ந்தவர்களும் எழுந்து தள்ளிப் போய்விடுகிறார்கள். கிட்டார் காதைக் குத்துகிறது என்று மேலாளர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். மூன்றாவது தடவை, கிட்டார் இல்லாமல் வாசியுங்கள், அந்தப் பகுதியை உங்கள் கீபோர்டிலேயே போட்டுக்கொள்ளலாமே என்று சொல்லியிருக்கிறார். இந்த மாதக் கடைசிவரை பார்ப்பாராம்.

"அண்ணன்கிட்ட நான் எப்படி அக்கா சொல்றது. என்னை முதமுதல்ல மேடையில ஏத்தினவரே அவருதான். நீங்கதானே கட்டித் தர்றீங்க. கொஞ்சம் அடக்கிக் குடுங்க. அவருக்குத் தெரியாம."

அவர் அதற்கு மேல் எதையும் யோசித்து வரவில்லை. யோசித்தது அக்காதான்.

கிட்டாரில் டோன் என்று ஒரு திருகு உண்டு. முழுக்கத் திறந்தால் சத்தம் கூர்மையாக வரும், மூட மூட ஓரம் மழுங்கும். அண்ணன் அதை எப்போதும் முழுக்கத் திறந்தே வைத்திருப்பார். ஆம்ப்பிலும் அதே கதைதான், அங்கே இனித் திருக இடமே இல்லை. அக்கா அந்தத் திருகுக்குப் போகிற வயரை வெட்டினாள். சத்தத்தை மழுக்குகிற, மாத்திரை அளவு இருக்கும் கப்பாசிட்டரைத் திருகிலிருந்து கழற்றி வேறிடத்தில் நிரந்தரமாகப் பற்றவைத்தாள். இனி அந்தத் திருகு எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாலும், உள்ளே அது பாதி மூடிய இடத்திலேயே நிற்கும். கைக்கு மட்டும் வழுவழுவென்று சுற்றும். வெட்டிய வயரின் நுனி வேறெதிலும் பட்டுவிடக் கூடாதென்று, ஸ்லீவ் என்கிற கறுப்பு பிளாஸ்டிக் உறை ஒன்றைச் செருகி, சூடு காட்டி இறுக்கினாள். அரைகுறையாக ஒரு வேலையை விட்டுப் பழக்கமில்லாத கை.

புது காயில் கட்டியிருக்கேன் அண்ணா, பழக நாள் ஆகும் என்று சொல்லிக் கொடுத்தாள். அவர் வாசித்தார். முகம் சுளித்தார். கை தானாகத் திருகுக்குப் போனது. இந்தப் பக்கம் சுற்றினார், அந்தப் பக்கம் சுற்றினார், மறுபடி கொஞ்சம்.

"ம்... இங்க. ஆங், இப்போ சரி" என்றார்.

தோள்பட்டை தளர்ந்தது. அக்கா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் மாறவில்லை. அவருக்கு மாறியதாகக் கேட்டது. எந்த முகத்தைப் பார்த்து இத்தனை காலம் வேலை செய்தாளோ, அந்த முகம் ஒன்றுமே இல்லாததற்கும் தலையசைத்தது.

அதன் பிறகு எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு. மேடைப் பக்கத்து மேஜைகள் நிரம்பின. மேலாளர் ஒருநாள் கீபோர்டுக்காரரின் தோளைத் தட்டிவிட்டுப் போனாராம். அண்ணன் மட்டும் இன்னும் பழகவில்லை போலிருக்கே என்று இடையிடையே சொல்வார், பழகும் என்று அக்கா சொல்வாள். அந்தப் பொய்க்கு வேண்டிய சின்னச் சின்னப் பொய்களெல்லாம் கேட்காமலேயே வந்து நின்றன. இப்போது நிறுத்தினால் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அதனால் நிறுத்தவில்லை.

ஒரு மாலையில் அவளும் புருஷனும் ஹோட்டலுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். கிட்டார் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அண்ணனின் விரல்களில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அவர் அந்தத் திருகைத் தொட்டு, காதைச் சாய்த்து, நுணுக்கமாக ஒரு மயிரிழை சுற்றி, தலையசைத்தார். இடி அதற்காகவே காத்திருந்தார். அண்ணன் சரி பண்ணிட்டாரு, ஆரம்பிக்கலாமா என்று பாடும் பெண்ணைப் பார்த்துக் கண்ணடித்தார். அவள் சிரிப்பை மறைக்க மைக்கைச் சரிசெய்தாள். கெட்டவர்கள் இல்லை. கீபோர்டுக்காரர் வழியாக எப்படியோ தெரிந்துபோன ஒரு விஷயம் சும்மா இருக்க விடவில்லை, அவ்வளவுதான். மேஜைக்கு வந்த சாப்பாட்டை அக்கா தொடவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் புருஷனும் ஒரு பகடியும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை. அண்ணன் கிட்டார் பையோடு வந்தார். நனைந்திருந்தார். துண்டு கொடுத்ததை வாங்காமல், மேஜையில் இருந்ததையெல்லாம் ஒரு ஓரமாகத் தள்ளி, கிட்டாரைக் குப்புறப் போட்டார். பின்பக்க மூடி இல்லை. முந்தின நாள் ஹோட்டலில் கேபிள் செருகுகிற இடம் ஆடிக்கொண்டிருந்ததாம். இந்தச் சின்ன விஷயத்துக்குத் தங்கச்சியைத் தொந்தரவு பண்ணுவானேன் என்று அவரே திறந்திருக்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக. இந்த மேஜைக்கு எதிரே டார்ச் பிடித்துக்கொண்டு எத்தனையோ கிட்டார்களின் வயிற்றைப் பார்த்தவர். எந்த வயர் எங்கே போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

"இதை எப்போ எடுத்தே?" என்றார்.

பற்றவைத்தது விட்டுப் போயிருக்கும் அண்ணா, குடுங்க என்று அவள் கை நீட்டினாள்.

அவர் அந்த வயரின் நுனியை விரலால் தூக்கிக் காட்டினார். கறுப்பு ஸ்லீவ், ஒரு சுருக்கம்கூட இல்லாமல், அச்சில் வார்த்த மாதிரி இறுகியிருந்தது.

"தானா விட்டுப்போன வயரு தானே சட்டை போட்டுக்காது பாப்பா."

அவள் உட்கார்ந்துவிட்டாள். அவள் புருஷன் அறைக்குள் போய்விடலாமா இருக்கலாமா என்று கதவருகிலேயே நின்றார். யாருக்கெல்லாம் தெரியும் என்று அண்ணன் கேட்டார். மாப்பிள்ளையைப் பார்த்தார், அவர் தரையைப் பார்த்தார். கீபோர்டுக்காரனுக்கா என்றார். இடிக்குமா என்றார். அந்தப் பொண்ணுக்குமா என்றபோது குரல் கொஞ்சம் தணிந்தது. பிறகு நாற்காலியை இழுத்து, வழக்கம்போல அவள் முகத்துக்கு நேரே திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"காது போச்சு, சரி. வயசானா போறதுதான். தினமும் மேடையில உக்காந்து இதைத் திருகி, இப்போ சரி, இப்போ சரின்னு சொல்லியிருக்கேனே. எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

"உங்களை அங்கிருந்து எடுத்துடுவாங்கன்னு பயந்துட்டேன் அண்ணா. சொன்னா நீங்களே விட்டுடுவீங்கன்னும்..."

"விட்டிருப்பேன்" என்றார். "நானா விட்டிருப்பேன்."

வெளியே மழைச் சத்தம் பலமாக இருந்தது. அது அவருக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. பழையபடி பற்றவைத்துக் கொடு என்றார். அவள் இரும்பைச் சூடாக்கினாள். ஸ்லீவை அறுத்தாள். கப்பாசிட்டரைக் கழற்றித் திருகில் வைத்தாள். பழக்கத்தில் அவர் டார்ச்சை எடுத்துப் பிடித்தார். மூடியைப் போட்டதும், இப்போ மத்தவங்களுக்கு எப்படிக் கேட்கும் என்று கேட்டார். ஊசி மாதிரி இருக்கும் அண்ணா என்றாள். அந்த ஒரு உண்மையை அவள் முன்பே சொல்லியிருந்தால் இந்த மேஜைக்கு எதிரே அவர் அப்படி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அது இரண்டு பேருக்குமே அப்போது தெரிந்தது.

அண்ணன் அன்று மாலையே ஹோட்டலுக்குப் போய் வேலையை விட்டுவிட்டார். கீபோர்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படியே இருந்துகொள்ளுங்கள் அண்ணே, யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்றாராம். சும்மா சுத்துற திருகு ஒண்ணு இருந்தது பத்தாதா, சும்மா உக்கார்ற ஆளு வேற வேணுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு வந்துவிட்டார். இடிக்குத்தான் முகத்தில் ஈயாடவில்லை என்று பாடும் பெண் பிறகு அக்காவிடம் சொல்லி அழுதாள். அண்ணன் டாக்டரையும் பார்த்தார். காதில் வைக்க ஒரு கருவி கொடுத்தார்கள். அதைப் போட்டால் கரண்டிச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் மண்டைக்குள் வருகிறது, பாட்டு மட்டும் தகரத்தில் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்று கழற்றி எங்கேயோ வைத்துவிட்டார். இதெல்லாம் மாப்பிள்ளை வழியாக வந்த செய்தி. மாப்பிள்ளையோடு பேசுவார். பஸ் அந்தப் பக்கம் போகும்போது நிறுத்தத்தில் நின்று கையசைப்பார். தங்கச்சி வீட்டுக்கு மட்டும் வருவதில்லை. சண்டை என்று சொல்ல முடியாது. ஃபோன் செய்தால் எடுத்து, நல்லா இருக்கேன், சரியா கேட்கலை, வச்சிடறேன் என்பார்.

அக்கா இப்போதும் காயில் கட்டுகிறாள். ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் தடுமாறுகிறாள். யாராவது வாசித்துவிட்டு இப்போ சரி என்றால், நிஜமாகவா, இன்னொரு தடவை வாசியுங்கள் என்கிறாள். அப்புறம் இன்னொரு தடவை. சிலருக்கு எரிச்சல் வந்து, எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். முகத்தைப் பார்க்காதே என்று அவள் புருஷன் சொல்லிப் பார்த்தார். வேறு எதைப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வாரம் ஒரு முறை சலவைக்கடைக்குப் போகிறாள். கீழே பெரிய மெஷின்கள் உருள்கிற இரைச்சல், சோப்பு வாசனை, ஆவி. பக்கத்தில் குறுகலான படி. மேலே ஏறினால் கதவுக்கு அந்தப் பக்கம் ஆம்ப் இல்லாமல் அண்ணன் வாசிப்பது கேட்கும். எலெக்ட்ரிக் கிட்டாரை அப்படி வாசித்தால் கம்பியில் நகம் படுகிற சத்தம்தான் மிஞ்சும், கொசு பறக்கிற மாதிரி. கதவுக்கு வெளியே நிற்கிற அவளுக்கே காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கிறது. உள்ளே இருப்பவருக்கு என்ன கேட்கும் என்று நினைத்துப் பார்க்கவும் பயம்.

தட்டுவாள். கொஞ்சம் பலமாகத் தட்டுவாள். அண்ணா, நான் பாப்பா என்பாள். வாசிப்பு நிற்காது. பாட்டு முடியும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கேட்கவில்லையா, கேட்டும் திறக்கவில்லையா என்று அவளுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, இன்னும் பலமாகத் தட்டினால் போதும். அதைச் செய்யாமல் கொண்டுவந்த சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கதவோரம் வைப்பாள். போன வாரத்துப் பாத்திரம் கழுவி, துடைத்து, மூடி போட்டு அங்கேயே இருக்கும். எடுத்துக்கொண்டு இறங்குவாள். அவள் பாதிப் படி இறங்கும்வரை மேலே அந்தக் கொசுச் சத்தம் கேட்கும், அப்புறம் சலவை மெஷின்கள் அதை மூடிவிடும்.